இரண்டு மணிக்கு முறை மாறும்

மத்தியானம் ஒன்றரை மணி. ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் மூடிப்போன கிடங்குகள், துருப்பிடித்த இரும்புக் கதவுகள். வெயிலில் தார் இளகும் வாசனை. ஓரமாக ஒரு கார்... சக்கரம் பஞ்சர்.

பேய்க் கதைக்கு இதுவா நேரம் என்று பக்க வடிவமைப்பாளர் முகத்தைச் சுளிக்கிறார். நான் என்ன செய்ய முடியும், நடந்தது மத்தியானத்தில்தான். இருட்டு வேண்டுமென்றால் அது இந்தப் பத்திரிகை ஆபீசில் நிறைய இருக்கிறது. மின்சாரம் போய் அச்சு இயந்திரமும் நின்றுவிட்டது. ஐந்து பேருக்கு ஒரு பேட்டரி விளக்கு. மின்சாரம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, நீங்கள் கேட்டதையே சொல்கிறேன். நம் போட்டோகிராபர் ஏன் வேலையை விட்டுப் போனார்?

இது அவருடைய அக்காவுக்கு நடந்தது. பெரும்பாலும் அவர் சொல்லக் கேட்டது. கடைசிப் பகுதி நானே பார்த்தது.

அந்தக் காரில் மூன்று பேர் இருந்தார்கள். போட்டோகிராபர், அவருடைய அக்கா, அக்காவோடு ஒரே பள்ளியில் படித்த ஒருவர். அந்த மூன்றாவது ஆள்தான் வண்டியை ஓட்டினார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். குழியைப் பார்க்காமல் வண்டியை விட்டதும் அவர்தான். சக்கரத்தைக் கழற்றும்போது போல்ட் ஒன்று அசைய மறுத்தது. அக்கா வெயிலில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்குள்ள அங்க போயாகணும்டா."

"போயிடலாம்க்கா."

"ரெண்டு தாண்டிட்டா நான் சொல்றது செல்லாது."

ஏன் இரண்டு மணி? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அக்காவும் அவசரமும் படித்தது ஒரு மாற்றுப் பள்ளி. மணி அடிப்பதில்லை, பரீட்சை இல்லை, வருகைப் பதிவும் இல்லை. தலைமையாசிரியர் என்று யாரும் கிடையாது. எதுவானாலும் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். டீ போடுவதற்கே சாயங்காலம் ஆகிவிடுமே என்று இங்கே யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆகும்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி உயிர். மற்ற இடங்களில் மக்கு, திமிர் என்று பெயர் வாங்கி வந்தவர்கள் பாதிப் பேர். இங்கே அவர்கள் கேமராவைக் கையில் எடுத்துக் குறும்படம் செய்தார்கள்.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். யாரும் நிரந்தர டைரக்டர் இல்லை. காலையில் இயக்கியவர் மத்தியானம் வேறு வேலைக்குப் போவார். கேமரா பிடித்தவர் நடிப்பார், நடித்தவர் பின்னால் ஒரு நாள் இயக்குவார். மத்தியானம் இரண்டு மணிக்கு முறை மாறும். ஒருவரே எப்போதும் அதிகாரம் செய்யக் கூடாது என்பது கொள்கை. நல்ல கொள்கைதான். நான் குறை சொல்லவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. முன்பு ஒரு படத்தில், ஒரு பெண் அழுது நடித்துக்கொண்டிருந்தபோது யாரோ நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெரிய சண்டையாகிவிட்டது. வட்டத்தில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். காட்சியை ஆரம்பிக்க 'போகலாம்' என்று சொல்ல வேண்டும், நிறுத்த 'போதும்' என்று சொல்ல வேண்டும். 'போகலாம்' சொன்னவர் மட்டும்தான் 'போதும்' சொல்லலாம். அதுவரை கேமராவுக்கு முன்னால் இருப்பவர் எதற்காகவும் நிறுத்தக் கூடாது.

காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டாகி முறை மாறினால் என்ன செய்வது? வட்டத்தில் அதை யாரும் கேட்கவே இல்லை.

அந்தப் பிள்ளைகளில் பதினேழு வயது ஒருத்திக்குச் 'சிலை' என்று பெயர். பட்டப்பெயர்தான். அவளைப் போல அசையாமல் இருக்க யாராலும் முடியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கண்ணிமைக்க மாட்டாள். பக்கத்தில் நின்று சிரிப்புக் காட்டிச் சிரிப்புக் காட்டி மற்றவர்கள்தான் தோற்றுப்போவார்கள். அதனால் எல்லாப் படத்திலும் அவளை நடிக்கவே இழுத்துவிடுவார்கள். அவள் ஒரு தடவைகூட இயக்கியதில்லை. இந்தப் படத்தில் இயக்கியே தீருவேன் என்று வட்டத்தில் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். அக்காவுக்கு அடுத்து அவசரத்தின் முறை. அவசரத்துக்கு அடுத்து, மறுநாள் காலை, அவளுடைய முறை.

படத்தின் கதை அக்காவுடையது. பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஒருத்தி ஒளிந்துகொள்கிறாள். தேடியவர்கள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசிக் காட்சியில் ஒரு மூடிய கதவு மட்டும், நீண்ட நேரம்.

பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் எடுத்தார்கள். உள்ளே பழைய குளிர் அறை இருந்தது. பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தக்கை பதித்த சுவர். ஒரு சாண் கனத்தில் கதவு, ஓரமெல்லாம் ரப்பர். உள்ளே பேசினால் வெளியே கேட்காது, வெளியே கத்தினால்தான் உள்ளே லேசாகக் கேட்கும். இருந்தாலும் அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. படமெடுக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் முதல் நாளே வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார். உள்ளேயிருந்து லேசாகத் தள்ளினால் திறந்துகொள்ளும்.

அன்றைக்குச் சிலை உள்ளே போனாள். மூச்சுச் சத்தம் பிடிக்க அவள் பாவாடைப் பையில் ஒரு சின்ன ரெக்கார்டர். கதவு மூடியது. அக்கா 'போகலாம்' என்று கத்தினார்.

கேமரா கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. மணி இரண்டானது. முறைப்படி அக்கா இறங்கிக்கொண்டார், அடுத்து அவருக்குச் சாமான் வேலை. பள்ளியிலிருந்து வேறு பேட்டரி எடுத்துவரச் சைக்கிளில் கிளம்பினார். வேலையோடு 'போதும்' என்ற வார்த்தையும் அவசரத்திடம் போய்விட்டது என்று அக்கா நினைத்தார். அவசரம் வந்து பார்த்தபோது பேட்டரி தீர்ந்து கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அக்கா 'போதும்' சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார், சிலை எழுந்து போயிருப்பாள் என்று அவர் நினைத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வாசல் காட்சியை முடிக்க எல்லோரையும் வெளியே ஓட்டினார்; அக்கா பேட்டரியோடு வந்து சேர்ந்ததும் வாசலில்தான். பிறகு அப்படியே வீட்டுக்குக் கலைந்தார்கள். வேனில் வந்தவர்கள் அவள் சைக்கிள்காரர்களோடு இருப்பாள் என்றும், சைக்கிள்காரர்கள் அவள் வேனில் இருப்பாள் என்றும்... வருகைப் பதிவு இல்லாத பள்ளி. யாரும் எண்ணவில்லை.

இரவில்தான் தேடினார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காட்சியில் எப்படி உட்காரச் சொன்னார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூச்சு இல்லை. காற்று குறைந்து, தூக்கம் போல வந்திருக்கும் என்றார் டாக்டர்.

விசாரணையில் ஆசிரியர் இதற்கு நாங்கள் எல்லோரும் பொறுப்பு என்றார். எல்லோரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம் என்றார் அதிகாரி. அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கதவு தெறந்துதானே இருந்தது?"

கதவு தாழிடப்படவில்லை. உள்பக்கக் கைப்பிடியில் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில் ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. அவள் தள்ளிப் பார்க்கவே இல்லை. 'போதும்' என்று யாரும் சொல்லவில்லையே.

ரெக்கார்டரில் இருப்பது அவள் குரல்தானா என்று உறுதி செய்ய அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். மூச்சு... துணி உரசும் சத்தம்... மூச்சு. வெகு நேரம் கழித்து, தணிந்த குரலில், கேலியாக: "போதுமா டைரக்டரே?" பிறகு மூச்சு. இன்னும் வெகு நேரம் கழித்து, கேலி இல்லாமல்: "போதுமா?"

அவ்வளவுதான்.

பள்ளியை மூடிவிட்டார்கள். அக்காவுக்குக் கொஞ்ச நாளில் தொடங்கியது. மத்தியானம் இரண்டு மணிவாக்கில், எந்தக் கதவு மூடியிருந்தாலும், அதற்குப் பின்னாலிருந்து. முதலில் குளியலறை. பிறகு துணி அலமாரி. ஒரு நாள் ஃபிரிட்ஜ். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வரும், பழைய ஐஸ் தொழிற்சாலைகளில் வருமே, அது. அப்புறம் குரல். "போதுமா?" அக்கா ஓடிப்போய்த் திறப்பார். பால் இருக்கும், தக்காளி இருக்கும், விளக்கு எரியும். 'போதும்டி, போதும்' என்று அந்தத் தக்காளியைப் பார்த்து அழுவார். மறுநாளும் வரும்.

ஒவ்வொரு கதவாகக் கழற்றினார்கள். நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். குளியலறைக்குத் திரை. அலமாரி திறந்த தட்டுகள். ஃபிரிட்ஜ் இல்லை. பெட்டிகூட வாயைத் திறந்தபடிதான் கட்டிலடியில் கிடக்கும். வாசலுக்கு மட்டும் கம்பிக் கதவு. எங்கள் வீட்டுக்கு வரும் திருடன் வழி கேட்க வேண்டியதே இல்லை என்று போட்டோகிராபர் சிரிப்பார். அக்கா வேலை செய்தது ஒரு நூலகத்தில். புத்தகத் தட்டுகளுக்குக் கதவு இல்லை என்பதுதான் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதவில்லாத வீட்டில் யார் குடும்பம் நடத்துவார்கள்?

கண்ட கண்ட கதவிடம் சொல்வதால் பயனில்லை என்பது அக்காவின் முடிவு. அந்தக் கதவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். கேமரா ஓட வேண்டும். தன் முறை முடிவதற்குள், இரண்டு மணிக்கு முன்னால், சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தொழிற்சாலை வாரிசு வழக்கில் சீல் வைக்கப்பட்டுப் பல வருஷம் கிடந்தது. போன வருஷம் வழக்கு முடிந்து விற்றுவிட்டார்கள். மறுநாள் காலையில் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அந்த மூன்று பேரும் கிளம்பினார்கள். அந்த ஒரு மத்தியானம்தான் மிச்சம்.

ஒரு வழியாகப் போல்ட் அசைந்தது. சக்கரம் மாற்றி, பறந்துகொண்டு போனார்கள். காவலாளி உள்ளே விட்டார். போட்டோகிராபர் மூன்றுகால் தாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தரை முழுக்கப் புறா எச்சம். காலால் ஒதுக்கியபோது சிமெண்டில் மூன்று சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கேமரா இடம் மாறாமல் இருக்க அக்கா அந்த நாளில் நகப்பூச்சால் வைத்த அடையாளம். மூன்று கால்களையும் அந்தப் புள்ளிகளில் வைத்தார். எதிரே கதவு. மூடியிருந்தது.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"தாண்டிடுச்சு."

அவசரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "கொஞ்சம் முன்ன பின்ன ஆனா என்ன, குடியா முழுகிடும்? ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வா."

கேமரா ஓடத் தொடங்கியது. அக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"போதும்டி," என்றார். "எழுந்து வா. போதும்."

மேலே ஒரு புறா சிறகடித்தது. பிறகு அதுவும் அடங்கியது... கீல் முனகியது. கதவு ஒரு விரற்கடை அளவுக்கு, வெளிப்பக்கமாக, திறந்தது.

சில்லென்று காற்று வந்தது. மின்சாரம் துண்டித்து எத்தனையோ வருஷமான கட்டடம் அது. கூடவே அந்த நெடி. மூன்று பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா அசையவில்லை. கழுத்தைச் சாய்த்து, யாரோ ஏதோ சொல்வதைக் கேட்பவர் போல நின்றார். பிறகு, சரி என்பதுபோல ஒரு தடவை தலையை ஆட்டினார்.

உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அறை காலியாக இருந்தது.

வண்டியில் அக்காவின் முகம் தெளிவாக இருந்தது என்றார் போட்டோகிராபர். சின்ன வயதில் பார்த்த முகம். வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"என் ரூமுக்கு ஒரு கதவு போடச் சொல்லுடா."

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் போட்டோகிராபர் நம் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவந்து கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, வீட்டுக்குக் கதவு போட்டிருக்கிறோம் என்றார். நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான்.

தச்சர் கதவை மாட்டிவிட்டுப் போனது மத்தியானம். மணி இரண்டானது. அக்கா எழுந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் தம்பி இனிப்புப் பொட்டலத்தோடு போய்த் திறந்து பார்த்தார். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. கூப்பிட்டார், பதில் இல்லை. தோளைத் தொட்டார், திரும்பவில்லை. கண் திறந்துதான் இருந்தது. மூச்சும் இருந்தது.

டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மாத்திரைகளும் வைத்திருக்கிறார்கள். வெளியே தூக்கி வந்து உட்காரவைத்தால் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். உள்ளே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினால் அடங்கும்.

சில நாள் கழித்துத்தான் போட்டோகிராபருக்குத் தொழிற்சாலையில் எடுத்த படத்தைப் பார்க்கத் தோன்றியது. ஹெட்போன் மாட்டிக்கொண்டார். அக்காவின் குரல், 'போதும்.' புறா. கீல். அதற்கப்புறம், அங்கே நின்ற மூன்று பேருடையதும் அல்லாத ஒரு குரல். பதினேழு வயதுப் பெண்ணின் குரல். உற்சாகமாக இருந்தது. முதல் தடவையாகப் பொறுப்பைக் கையில் வாங்கியவர்களுக்கு வருமே, அந்த உற்சாகம்.

"போகலாம்."

உடனே அவசரத்துக்குப் போன் போட்டு, அந்த ஒலியைக் கேட்கவைத்தார். அவசரம் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"ரெண்டு தாண்டிடுச்சுல்ல... அக்கா முறை முடிஞ்சுது. என் முறை அன்னைக்கே தீர்ந்துடுச்சு. எனக்கு அடுத்தது அவதான்."

அன்றிலிருந்து அவசரம் கடையைத் திறக்கவில்லை. போன் எடுப்பதில்லை.

போட்டோகிராபர் அந்தக் கதவைத் தேடித் தொழிற்சாலைக்கு ஓடினார். தரைமட்டம். செங்கல் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. இரும்பும் கதவுகளும் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன என்றார்கள். கடை கடையாக அலைந்தார். அப்படி ஒரு கதவை யாரும் பார்க்கவில்லை. அதோடு இங்கே வருவதையும் நிறுத்திவிட்டார். சம்பளம் இல்லாமல் எப்படி ஓட்டுகிறார் என்று நானும் கேட்கவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மத்தியான நேரம். கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். மற்ற இடங்களிலெல்லாம் இன்னும் கதவு கிடையாது. அந்த ஒரு அறைக்குத்தான். திடீரென்று அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு முதலில் அந்த நெடிதான் வந்தது. பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து, அக்காவின் வறண்டு போன தணிந்த குரல்.

"போதுமா?"

நான் அவரைப் பார்த்தேன். பதில் சொல்லுங்களேன் என்றேன்.

"சொல்லாமலா இருக்கேன்," என்றார். "தினமும் சொன்னேன். தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். நான் சொன்னா எடுபடாது சார். ஆரம்பிச்சது நான் இல்லையே."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவர் கிண்ணத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. திறந்த கதவை மட்டும் பார்த்தேன். தாழ்ப்பாள் வைக்காத கதவு. உள்ளேயிருந்து லேசாகத் தள்ளினால் போதும். வெளிப்பக்கக் கைப்பிடி அவர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளத்தது.

உள்பக்கக் கைப்பிடியில் தூசி. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.